ஞாயிறும் கடலில் கிடக்கும் வலை

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் மாமனார் வாசித்துவிடுவார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் பங்குக் கோவிலின் மாத இதழ் அவர்களுடைய கோவிலுக்கும் போகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிக்கிற மனிதர் அவர் என்று நீ கட்டப்போகிற ஜெனிற்றாவே என்னிடம் சொன்னாள். நீயோ நான் வாயைத் திறந்தால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடுகிற பிள்ளை. ஒரே வீட்டில் ஒரு சுவர் தள்ளிப் படுத்திருக்கிற மகனுக்குப் பத்திரிகையில் கடிதம் எழுத வேண்டி வந்ததற்கு நீயும் ஒரு காரணம். உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உதை ஏன் ஊருக்குச் சொல்லுறாய்? வீட்டுக்கை கதைச்சு முடி," என்றார். வீட்டுக்குள் கதைத்து முடிகிற விஷயமாக இருந்தால் எப்போதோ முடித்திருப்பேன்.

விஷயம் இதுதான். வருகிற மாதம் ஒரு திங்கட்கிழமை உனக்குக் கல்யாணம். எங்கள் வழமைப்படி நீ பெண் வீட்டுக்குப் போகிறாய். தீவுப்பக்கத்தில் கடற்கரையோடு ஒட்டிய வீடு, அதோடு படகு, இஞ்சின், புது நண்டு வலை எல்லாம் சீதனம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிதர்கள். ஆனால் போன கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது அந்த ஊர் வழக்கம் ஒன்றைப் பெருமையாகச் சொன்னாய். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற புது வலையை, கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் பெண்ணின் தகப்பன் கடலில் விட்டுவிட்டு வருவார். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் கல்யாணம், அன்றைக்கும் ஊரே கரையில். செவ்வாய் விடியத்தான் மாப்பிள்ளை போய் அந்த வலையை இழுப்பான். ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்க்கும், முதல் நண்டு கோவிலுக்குப் போகும். "மூண்டு இரவு கிடக்கிறபடியால் வலை நிறைய வருமாம் அம்மா, அதுதான் விசேஷம்," என்றாய். "நண்டு மட்டுமோ வரும்?" என்று கேட்டேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். உனக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. "அது அவையின்ரை வழக்கம். நான் போய்க் கால் வைக்க முதலே வலையை எடுங்கோ எண்டு சொல்லேலுமே?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனாய். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

கடலோடு சம்பந்தமில்லாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நண்டு வலை கடலின் அடியில் வேலி மாதிரி நிற்கும். கீழே ஈயம், மேலே மிதப்புக்கட்டைகள், இரண்டு தலைப்பிலும் கல். பின்னேரம் விட்டு அடுத்த நாள் விடிய இழுப்பது முறை. மீன் வலையை ஒரு நாள் கூடுதலாகக் கிடக்கவிட்டால் மீன் பழுதாகிவிடும், அதனால் யாரும் விடமாட்டார்கள். நண்டு அப்படியில்லை, வலையில் சிக்கினாலும் இரண்டு மூன்று நாள் உயிரோடு கிடக்கும். இந்த ஒரு வசதிதான் எங்களைக் கெடுத்தது. நண்டு இருக்கிற இடம் சாதாழை என்கிற கடற்புல் வளர்கிற இடம், அதை மேய ஆமையும் அங்கேதான் வரும். ஆமை கடலில் இருந்தாலும் காற்றுக் குடிக்க மேலே வரவேண்டிய சீவன். வலையில் கையும் கழுத்தும் மாட்டினால் அடித்துக்கொள்ளும். அடிக்க அடிக்க மூச்சு முட்டிச் சாகும். ஓர் இரவு கிடந்த வலையிலும் அது நடக்கலாம். இரண்டு மூன்று இரவு கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பாவும் எல்லோரையும் போலச் சனிக்கிழமை பின்னேரம் வலையை விட்டுவிட்டுத் திங்கள் விடியத்தான் இழுத்தார். ஆனால் அவருக்கு அது மனதுக்குப் பிடித்ததில்லை. பல தரம் என்னிடம் கேட்டிருக்கிறார். "இஞ்சேர், ஞாயிறு விடிய நாலு மணிக்குப் போய் இழுத்துப்போட்டு ரெண்டாம் பூசைக்கு வந்திடுவன்." நான் விட்டேனா? "வலை இழுத்த கையோடை நற்கருணை வாங்கப் போறியளோ? ஊர் என்ன சொல்லும்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவளின் புருஷன் ஞாயிறு கடலுக்குப் போவதா? சரி, அப்படியென்றால் சனிக்கிழமை வலையை விடாமல் இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததா? அதுவும் இல்லை. திங்கள் விடிய இரண்டு நாள் நண்டு சேர்ந்து வரும், அந்த நண்டைக் கழற்றுகிறவளும் நான்தான், அது எவ்வளவு என்று எனக்கு நல்லாகவே தெரியும். எனக்கு ஞாயிறும் வேண்டும், நண்டும் வேண்டும். நாங்கள் எல்லோரும் ஓய்ந்திருக்க வலை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. அது என் தலைக்குள் ஏறவேயில்லை.

அந்தக் காலத்தில் ஆமை பட்டதா என்று கேட்டால், பட்டது. உயிரோடு வந்தால் விட்டுவிடுவார்கள், செத்து வந்தால் சட்டத்துக்குப் பயந்து வயிற்றைக் கீறிக் கல்லுக் கட்டித் தாழ்ப்பார்கள். கீறாமல் விட்டால் ஊதி மிதந்து கரைக்கு வந்து காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் கடலிலேயே முடிந்துவிடும் காரியம், கரையில் நண்டு கழற்றுகிற எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைகளில் வலையில் பெரிய ஓட்டை இருக்கும், ஓட்டையைச் சுற்றி நூல் முறுகிப்போயிருக்கும். என்ன இது என்று நான் கேட்டதில்லை, ஊசியை எடுத்து முடிந்துவிடுவேன். அதற்கும் முந்தி, சட்டத்தை யாரும் பெரிதாக நினைக்காத நாட்களில், ஆமை இறைச்சி சமைத்தும் இருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து உனக்குச் சொல்ல வேண்டாம்.

பதினாலு வருஷத்துக்கு முந்தி, சண்டை ஓய்ந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கிற காலமும் முடிந்து, எல்லோரும் ஆசையாகப் புது வலை வாங்கின நேரம் அது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். ஒரு திங்கட்கிழமை உன் அப்பாவின் படகு பிந்தி வந்தது. வழமையாக வலையைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அன்றைக்கு அவர் இறக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் படகை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனேன். படகில் மூடியிருந்த சாக்கை விலக்கினார். பேராமை. எங்கள் சாப்பாட்டு மேசையைவிடப் பெரியது. கழுத்திலும் இரண்டு முன்கையிலும் எங்கள் வலை, நான் முடிந்த முடிச்சோடு. "பார்," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்கு லேசு. அவர் பார்க்கச் சொன்னார், நான் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்தும் இருப்பேன். நண்டு நிறுக்கிற இடத்துக்குப் போனபோது கச்சாய்ப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் நின்றார். சைவக்காரர், அவர்களுக்கு ஞாயிறு தொழில் நாள். உன் அப்பாவைக் கண்டதும், "அண்ணை, நேற்று விடியப் போகேக்கை உங்கடை மிதப்பு துள்ளிக்கொண்டு நிண்டது. ஆமை ஒண்டு தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் திரும்பி வரேக்கை ஒண்டையும் காணேல்லை," என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கண்டனீங்கள், ஒரு கத்தியாலை அறுத்துவிட்டிருக்கக் கூடாதே?" என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன அக்கா கதைக்கிறியள்? உங்கடை வலையிலை நான் எப்பிடிக் கை வைக்கிறது?" அவர் சொன்னது சரி. மற்றவன் வலையில் கை வைப்பது களவு, எந்தக் கரையிலும் அதுதான் நியாயம். அவர் மரியாதையான மனிதர், அதனால் தொடவில்லை. நான் பக்தியான மனுஷி, அதனால் என் புருஷனை விடவில்லை. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா கணக்குச் சொன்னார். அந்த இடம் ஆழமில்லை. ஆமை வலையையும் ஈயத்தையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. காலையில் நீர் வற்றியிருந்த நேரம் அதற்கு மூக்கை வெளியே நீட்ட முடிந்திருக்கிறது. பிறகு நீர் பெருகியிருக்கிறது. "ஒரு முழம் பெருகியிருக்கும், அவ்வளவுதான்," என்றார். எங்கள் கடலில் நீர் அதற்கு மேல் பெருகுவதில்லை. அந்த ஒரு முழத்துக்குத்தான் அது செத்தது. விடிய நாலு மணிக்கு அவர் போயிருந்தால் உயிரோடு நின்றிருக்கும், அறுத்து விட்டுவிட்டு இரண்டாம் பூசைக்கும் வந்திருப்பார். அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பாடிக்கொண்டிருந்தேன், தம்பி. நல்ல குரலில் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அப்போது இருந்த சுவாமியார் இளந்தாரி, கடற்கரையில் பிறந்தவரும் இல்லை. "ஆமை ஒண்டு செத்துப்போச்சு சுவாமி," என்றேன். "நீங்கள் அதைக் கொன்றனீங்களோ?" என்று கேட்டார். "இல்லை சுவாமி, நான் பூசையிலை நிண்டனான்." பாவம் அந்த மனுஷன், என்ன செய்வார்! மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். மனம் ஆறவில்லை. செபத்தால் ஆகிற காரியம் இல்லை இது, வலையால் செய்ததை வலையால்தான் திருத்த வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் பட்டது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஏன் நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நானே சனிக்கிழமை விடிய வலையைக் கரைக்கு எடுக்கச் சொன்னேன். திங்கள் எங்களுக்கு நண்டு இல்லாத நாளாயிற்று. முதல் மாதங்களில் கை கடித்தது, நீயும் இறைச்சி இல்லை என்று சிணுங்கினாய். அதற்கு அடுத்தது வலையின் உயரம். "நண்டு நடக்கிற சாதி, பறக்கிறேல்லை. வலை உதிலை பாதி இருந்தால் காணும்," என்று உன் அப்பா சொன்னார். இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து வலையைப் பாதி உயரத்துக்கு வெட்டி, மேல்கயிறு திரும்பவும் கட்டினோம். மேல் மிதப்பையும் குறைத்தோம். கரையில் சிரித்த சிரிப்பு! "என்ன மச்சாள், வலைக்குக் குட்டைப் பாவாடை தைச்சிருக்கிறியள்?" என்று உன் சித்தப்பா கேட்டார். இழுவைப்படகுகள் வந்து கடலையே வாரிக்கொண்டு போக நீங்கள் ஆமைக்கு அழுகிறீர்களோ என்றும் கேட்டார்கள். அந்தப் படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போன நாளில் நானும்தான் மண்ணில் இருந்து அழுதேன். ஆனால் எங்கள் வலையில் செத்தது எங்கள் வலையில் செத்ததுதான், அதைக் கொண்டுபோய் அடுத்தவன் தலையில் கட்ட முடியாது.

குட்டை வலையில் நண்டு குறையவில்லை. கறிக்கு வரும் மீன் குறைந்தது, அது உண்மை. ஆமை படவேயில்லை என்றும் சொல்லமாட்டேன். இத்தனை வருஷத்தில் இரண்டு செத்து வந்தன, இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. முந்தி எத்தனை என்று நினைவில்லாத அளவுக்கு இருந்தது. சாதாழை அடர்ந்த இடத்தை விட்டு விலத்தி வலை விடவும், விடிய வெளிச்சம் வர முதல் இழுக்கவும், மயங்கி வருகிற ஆமையைப் பின்பக்கம் உயர்த்தி வைத்து ஈரச் சாக்குப் போட்டுத் தெளியும் வரை படகில் வைத்திருக்கவும் உன் அப்பா அதற்குப் பிறகுதான் பழகினார். நீ அவரோடு போய்ப் பழகினாய்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவா? நீ தனியாகப் படகு கொண்டுபோகத் தொடங்கின வருஷம், புது வலையோடு வந்து, "கல்லிலை பட்டுக் கிழிஞ்சுபோச்சு அம்மா," என்றாய். பெரிய ஓட்டை. அப்பா ஏசுவார் என்று பயந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றாய். கல்லில் கிழிந்த வலைக்கண் எது, கத்தியால் அறுத்த வலைக்கண் எது என்று இவ்வளவு காலம் வலை முடிந்த எனக்குத் தெரியாதா? ஓட்டையின் அளவைப் பார்த்தே அது எவ்வளவு பெரிய ஆமை என்று சொல்லியிருப்பேன். நான் ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தேன். முந்தியும் கேட்காமல்தான் முடிந்தேன், அது வெட்கத்தால். இந்த முறை சந்தோஷத்தால். அந்த ஓட்டையை முடிந்த நாள்தான் உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட நாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கல்யாணம் செய்கிற பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் விட்டால் நான் அம்மா இல்லை, ஆகவே ஒன்றே ஒன்று. உன் அப்பா நல்ல புருஷன், ஆனால் அந்த வருஷங்களில் ஒரு பிழை விட்டார். நான் முகத்தைத் தூக்கினவுடன் அடங்கிப்போனார். வீட்டில் சமாதானம் என்று நினைத்தார். அவர் ஒரு ஞாயிறு என்னோடு நல்லாகச் சண்டை பிடித்துவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஜெனிற்றா கெட்டிக்காரி, அவளோடு சமாதானமாக இரு, ஆனால் சரியென்று தெரிந்த காரியத்தை அவளுக்காகவோ மாமனாருக்காகவோ விழுங்கிக்கொள்ளாதே. போன இடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு நிறைய. எனக்கும் அந்த ஆசை இருந்தது, அது என்ன செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வழக்கத்தை விடச் சொல்லவில்லை. புது வலை, மாப்பிள்ளை இழுப்பது, முதல் நண்டு கோவிலுக்கு, எல்லாம் அப்படியே இருக்கட்டும். சனிக்கிழமை விடுகிற வலையைத் திங்கள் பின்னேரம் விருந்து முடிந்த கையோடு விடட்டும், நீ செவ்வாய் விடிய இழு. கல்யாணத்தன்று பின்னேரம் படகு தள்ள நிதானமான ஆள் அந்த ஊரில் அகப்படமாட்டார் என்று உன் மாமனார் சொல்லக்கூடும். உன் அப்பா குடிப்பதில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் போவார். மாப்பிள்ளையின் தகப்பன் விருந்துக்கு நடுவில் வலை விடப் போனார் என்று ஊர் சிரிக்கும். எங்களுக்குச் சிரிப்பு வாங்கிப் பழக்கம்.

அதற்கும் அவர் உடன்படாமல் சனிக்கிழமையே விட்டுவிட்டால், அந்த வலை கல்யாணம் முடியும்வரை அவருடைய வலை. அவர் சொல்லாமல் நாங்கள் யாரும் அதைத் தொடமாட்டோம். அதனால்தான், ஞாயிறு விடியவே அதை எடுக்க எங்களை விடும்படி ஊரறியக் கேட்கிறேன். எனக்காக நீயும் போய் அவரிடம் கேள், நேரில், முகத்தைப் பார்த்து. அவர் கோபிக்கலாம், கல்யாண நேரத்தில் இதென்ன அபசகுனமான கதை என்றும் சொல்லலாம். ஊரே பார்த்து நிற்க நீ இழுக்கிற முதல் வலையில் மூன்று நாள் செத்த ஆமை வருவதைவிட அந்தக் கோபம் பெரிதில்லை. அவர் ஓம் என்று சொன்னால், ஞாயிறு விடிய நீயும் அப்பாவும் போய் அந்த வலையை எடுங்கள்.

இதை எழுதி முடித்து உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஞாயிற்றுக்கிழமையோ?" என்று மட்டும் கேட்டார். என் முகத்தை அப்படிப் பார்த்தார், அந்த மனுஷன் இன்னும் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நான் இதைச் சொல்லப் பதினாலு வருஷம் பிந்திவிட்டது.

போய் இழுத்துப்போட்டு வாங்கோ. ரெண்டாம் பூசைக்கு நான் இடம் பிடிச்சு வைக்கிறன்.

உன் அம்மா